ஏளனம் யாரை வளர்த்தது? சந்திரசேகர் முதல் அன்னா மாணி வரை ஒரு விசாரணை

1. கேள்வி

நாலு பேர் கேவலமாகப் பேசினால்தான் ரோஷம் வரும், ரோஷம் வந்தால்தான் பிள்ளை முன்னுக்கு வரும் என்பது தமிழ்க் குடும்பங்களிலும் வகுப்பறைகளிலும் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. ‘அண்ணாமலை’ (1992) படத்தின் பால்காரன் தன் வீட்டை இடித்துத் தள்ளிய நண்பனிடம் சவால் விட்டுவிட்டு வந்து பெரும் பணக்காரன் ஆகிறான். வெளிநாட்டிலும் இதே கதைக்கு மவுசு உண்டு. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் 2009இல் அந்த ஆட்டத்தின் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது, பள்ளிக்காலம் தொட்டுத் தன்னைக் குறைத்து மதிப்பிட்டவர்களை ஒருவர் பின் ஒருவராக மேடையில் நினைவுகூர்ந்தார். ஒருவர் மட்டம் தட்டுகிறார். தட்டப்பட்டவர் வெறியோடு உழைத்து வெல்கிறார். மட்டம் தட்டியவர் வாயடைத்துப் போகிறார். திரையிலும் மேடையிலும் கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான்.

இந்தக் கதை வென்றவரைப் போற்றுவதோடு நிற்பதில்லை. அவமதித்தவருக்கும் நற்சான்று வழங்கிவிடுகிறது. ‘அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டேன்’ என்று ஒருவர் பேட்டியில் சொல்லும்போது, அதைக் கேட்கும் ஆசிரியர் ஒருவர் தன் கடுஞ்சொல்லை வளர்ப்புமுறை என்று எண்ணிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஆகவே இதைத் தன்முன்னேற்ற நூல்களின் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தன்னைச் சந்தேகித்தவர்களைப் பொய்யாக்க வேண்டும் என்ற வேட்கை சாதனைக்குக் காரணமாக அமைகிறதா? அமைகிறது என்றால் யாருக்கு, எந்தச் சூழலில்?

விடை தேட அறிவியல் வரலாற்றைத் தேர்ந்துகொண்டேன். விளையாட்டிலும் வணிகத்திலும் வெற்றியே நிரூபணம்; அங்கே சந்தேகித்தவர் தவறு, சந்தேகிக்கப்பட்டவர் சரி என்பது முடிவிலிருந்து பின்னோக்கி எழுதப்படுகிறது. அறிவியலில் ஒருவர் பெரும்புகழ் பெற்றவராக இருந்தும் தவறாக இருக்கலாம். கட்டுரைகளுக்குத் தேதி உண்டு, கடிதங்கள் கிடைக்கின்றன, கூட்டங்களில் பேசப்பட்டது பதிவாகியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் முதன்மை மனிதர்களில் இருவர் ஒரே குடும்பத்தவர்: சந்தேகிக்கப்பட்ட சுப்ரமணியன் சந்திரசேகர், வேறொருவரைச் சந்தேகித்த அவருடைய சித்தப்பா சி.வி. ராமன்.

2. உளவியலாளர்கள் கண்டது

பிறருடைய எதிர்பார்ப்பு ஒருவரின் செயல்திறனை மாற்றுமா என்ற கேள்வியில் முதலில் புகழ்பெற்ற ஆய்வு ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்டது. கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில குழந்தைகளைக் காட்டி ‘இவர்கள் இந்த ஆண்டு பெரிதும் முன்னேறுவார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ்வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் அறிவுத்திறன் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினர். அளவீட்டு முறை உடனே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. விளைவு உண்டு, ஆனால் சிறியது என்பதே பிற்கால மதிப்பீடுகளின் போக்கு. 1982இல் பாபாட், இன்பார், ரோசந்தால் மூவரும் இஸ்ரேலில் செய்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. முன்முடிவுகளுக்கு எளிதில் ஆட்படும் ஆசிரியர்களிடம், குறைவாக எதிர்பார்க்கப்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டனர். இந்த ஆய்வு மரபின்படி, நம்பிக்கை வைத்தால் மனிதர் ஓரளவு உயர்கிறார், நம்பிக்கை இழந்தால் தாழ்கிறார். ரோஷக் கதைக்கு இங்கே இடமே இல்லை.

அந்தக் கதைக்கு ஆதரவான சான்று பிறகுதான் வந்தது. அமெரிக்க வார்ட்டன் வணிகவியல் பள்ளியைச் சேர்ந்த சமீர் நூர்முகமது 2020இல் வெளியிட்ட ஆய்வு, தம்மிடம் பிறர் அதிகம் எதிர்பார்க்கவில்லை என்று உணர்ந்தவர்கள் சில நிலைமைகளில் கூடுதலாகச் செயல்படுவதைப் பணியிடத்திலும் சோதனைகளிலும் கண்டது. அவர்களை உந்தியது பிறரைப் பொய்யாக்கும் விருப்பம்தான் என்றும் காட்டியது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது, மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் விட்டுவிடுவது அதைத்தான்: சந்தேகிப்பவரின் தகுதி கேள்விக்குரியதாக இருந்தால்தான் இந்த உந்துதல் வேலை செய்தது. விஷயம் தெரிந்தவர் என்று நாம் மதிக்கும் ஒருவர் சந்தேகித்தால் அது ஆளைக் கீழே தள்ளியது.

இன்னொரு நிபந்தனையை லாரா கிரே, ஆடம் கலின்ஸ்கி, லே தாம்சன் குழுவின் ஆய்வுகள் தருகின்றன. பேரம் பேசுவதில் பெண்கள் சளைத்தவர்கள் என்ற பொதுக்கருத்தை வெளிப்படையாக எடுத்துச் சொன்னபோது, பெண்கள் அதை எதிர்த்து ஆண்களைவிட நன்றாகப் பேரம் பேசினர் என்று 2001இல் கண்டனர். 2004இல் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, பேரத்தில் கையில் பலம் இருந்தவர்களிடமே அந்த எதிர்வினை எழுந்தது தெரிந்தது. ஆக, ரோஷம் பயன்தர இரண்டு தேவைப்படுகின்றன. சொன்னவர் மதிக்கத்தக்கவராக இருக்கக் கூடாது. கேட்டவரிடம் திருப்பிச் செய்ய ஏதேனும் ஒரு வசதி இருக்க வேண்டும். பள்ளி மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையில் இவ்விரண்டும் வழக்கமாக இருப்பதில்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்வோம்.

3. 1935 ஜனவரி 11

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது பத்தொன்பது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெண்குறுமீன்களில் எலக்ட்ரான்களின் வேகம் ஒளிவேகத்தை நெருங்கும்போது சார்பியல் விதிகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது பயணத்தின்போது அவருக்குப் பிடிபட்டது. கணக்கிட்டதில் ஓர் உச்சவரம்பு வந்தது: குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறுமீனாக அடங்க முடியாது. 1931இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை அந்த வரம்பைச் சூரிய நிறையில் 0.91 மடங்கு என்றது. இன்று ஏற்கப்படும் மதிப்பு ஏறத்தாழ 1.4 மடங்கு. ஆண்டர்சனும் ஸ்டோனரும் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வேறு வழியில் இதை நெருங்கியிருந்தார்கள். லாந்தாவ் 1932இல் தனியாக வந்து சேர்ந்தார். தனி மேதையின் கப்பல் பயணம் என்ற கதையைச் சற்றே திருத்த வேண்டியிருக்கிறது. அதனால் சந்திரசேகரின் பங்கு குறைந்துவிடாது.

1933இல் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி அவரை ஆய்வாளராகத் தேர்ந்தெடுத்தது. ராமானுஜனுக்குப் பிறகு அந்த இடத்தைப் பெற்ற இந்தியர் அவர்தான். 1934இல் விரிவான கணக்குகளில் அவர் மூழ்கியிருந்தபோது ஆர்தர் எடிங்டன் அடிக்கடி அறைக்கு வந்து வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுச் செல்வார். 1919 சூரிய கிரகண அவதானிப்பின் மூலம் ஐன்ஸ்டைனின் கொள்கையை உலகறியச் செய்தவர், விண்மீன்களின் உள்கட்டமைப்பு என்ற துறையையே உருவாக்கியவர், இருபத்து நான்கு வயது இளைஞனின் அறைக்கு வருகிறார். அதில் அக்கறை இல்லை என்று யாரும் நினைக்க வழியில்லை.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் சங்கத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவுகளை முன்வைத்தார். அடுத்துப் பேசியவர் எடிங்டன். சந்திரசேகர் கணக்கின் அடித்தளமே தவறு, சார்பியல் முறையில் எலக்ட்ரான் வாயு அவர் சொல்வதுபோல் நடந்துகொள்ளாது, ஒரு விண்மீன் இப்படி அபத்தமாகச் சுருங்கிக்கொண்டே போவதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்ற பொருளில் அவர் பேசினார். கூட்டம் சிரித்தது. பதில் சொல்லச் சந்திரசேகருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. கூட்டம் முடிந்ததும் வானியற்பியலாளர் மில்ன் தம் உள்ளுணர்வு எடிங்டனே சரி என்று சொல்வதாகக் கூறினார். அதே ஆண்டு கோடையில் பாரிஸில் நடந்த சர்வதேச வானியல் ஒன்றியக் கூட்டத்தில் எடிங்டன் மீண்டும் இதைப் பேசினார். மறுமொழி கூற அனுமதி கேட்ட சந்திரசேகரை, பேசாமல் இருந்துவிடுவது நல்லது என்று தலைமையிலிருந்த ஹென்றி நோரிஸ் ரஸல் தடுத்துவிட்டார்.

ரோஷக் கதை இந்தக் கட்டத்தில்தான் தொடங்க வேண்டும். ஒரு காலனி நாட்டு இளைஞன், பேரரசின் தலைநகரம், பலர் முன் ஏளனம், பேச வாய்ப்பு மறுப்பு. 1983இல் நோபல் பரிசு. இடையிலுள்ள நாற்பத்தெட்டு ஆண்டுகளையும் வஞ்சினத்தால் நிரப்பிவிடத் தமிழ்ப் பத்திரிகைகள் தயங்கியதில்லை. அந்த ஆண்டுகளில் நடந்தது வேறு.

சந்திரசேகர் முதலில் செய்தது உதவி கேட்டதுதான். கோபன்ஹேகனிலிருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். அவர் மூலம் நீல்ஸ் போரின் கருத்தும், பிறகு பாவ்லியின் கருத்தும் கிடைத்தன. எடிங்டன் சொல்வது தவறு என்பதில் இயற்பியலாளர்களுக்கு ஐயமே இருக்கவில்லை. ஆனால் அதை வெளிப்படையாக எழுதித்தர அந்தப் பெரியவர்கள் முன்வரவில்லை. 1935இலேயே இயற்பியலாளர் மோலருடன் சேர்ந்து ஒரு மறுப்பைச் சந்திரசேகர் வெளியிட்டார். பீயர்ல்ஸ் 1936இல் எழுதினார். டிராக், பீயர்ல்ஸ், பிரைஸ் மூவரும் சேர்ந்து எடிங்டனின் வாதத்தை முறையாக மறுத்தது 1942இல்தான். அதாவது எடிங்டனைப் பொய்யாக்கும் வேலையில் பெரும்பகுதியை வேறு ஆட்கள் செய்தார்கள்.

சந்திரசேகர் 1937 தொடக்கத்தில் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்துக்குச் சென்றார். தம் கணக்குகள் முழுவதையும் விண்மீன் கட்டமைப்பு பற்றிய நூலாக 1939இல் வெளியிட்டுவிட்டு அந்தத் துறையைவிட்டே வெளியேறினார். அடுத்து விண்மீன் இயக்கவியல், பிறகு கதிர்வீச்சுக் கடத்தல் (1950), பாய்ம நிலைத்தன்மை (1961), சுழலும் நீள்கோள வடிவங்கள் (1969), இறுதியில் கருந்துளைகளின் கணிதம் (1983) என ஒவ்வொரு துறையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, அதை முழுமையாக ஒரு நூலில் எழுதி முடித்து, அடுத்ததற்குப் போனார். எடிங்டனுடனான மோதலே இந்த வேலைமுறையை அவர்மேல் திணித்தது என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த உந்துதல் எந்தத் திசையில் சென்றது என்று பார்க்க வேண்டும். மோதல் நடந்த களத்திலிருந்து அது வெளியே சென்றது. நூர்முகமதுவின் ஆய்வு எதிர்பார்க்கச் சொல்வதும் அதுவே: சந்தேகித்தவர் மிக உயர்ந்த தகுதி உடையவராக இருந்தபோது, சந்தேகிக்கப்பட்டவர் அந்தக் களத்தைவிட்டு விலகினார்.

கோபமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1939இல் பாரிஸில் நடந்த மாநாட்டில் எடிங்டன் அவரிடம் வந்து, மனம் நோகும்படி பேசியிருந்தால் வருந்துகிறேன் என்றாராம். கருத்தை மாற்றிக்கொண்டீர்களா என்று சந்திரசேகர் கேட்டார். இல்லை என்றார் எடிங்டன். அப்படியானால் எதற்காக வருந்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவர் நகர்ந்துவிட்டதாக வாழ்க்கை வரலாற்றாசிரியர் காமேஷ்வர் வாலி (1991) பதிவுசெய்கிறார். காயம் ஆழமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனாலும் 1944இல் எடிங்டன் இறந்தபோது சிகாகோவில் அஞ்சலி உரை நிகழ்த்தியவர் சந்திரசேகர். 1982இல் எடிங்டன் நூற்றாண்டையொட்டி ட்ரினிட்டி கல்லூரியில் சொற்பொழிவாற்றியபோது, அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றே தலைப்பில் குறித்தார்.

வாலியிடம் அவர் சொன்ன இன்னொன்று முக்கியமானது. அன்றைக்கு எடிங்டன் ஒப்புக்கொண்டிருந்தால் துறைக்கு நன்மையாக இருந்திருக்கும், ஆனால் அத்தனை இளம்வயதில் வரும் புகழைத் தாம் எப்படித் தாங்கியிருப்போம் என்று தெரியாது என்ற பொருளில் அவர் பேசினார். ஆர்தர் மில்லர் தம் நூலில் (2005) இந்த மோதல் வானியற்பியலைப் பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளியது, சந்திரசேகரை நிரந்தரமாகக் காயப்படுத்தியது என்று வாதிடுகிறார். முதல் கூற்று மிகை என்பது என் கருத்து. ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் 1939இலேயே விண்மீன் முற்றாகச் சரிவதைக் கணக்கிட்டுவிட்டார்கள். பின்னர் போர் வந்தது, கவனம் அணுக்கருவுக்குப் போனது, 1967இல் துடிவிண்மீன் கண்டறியப்படும்வரை காட்டக்கூடிய பொருளும் வானில் சிக்கவில்லை. ஒரு மனிதரின் பிடிவாதம் மட்டுமே அத்தனை காலம் ஒரு துறையை நிறுத்திவைக்காது. காயம் பற்றிய இரண்டாவது கூற்றை மறுக்க முடியவில்லை. நோபல் பரிசு வந்தபோது, அது தம் இளமைக்கால ஆய்வையே முன்னிறுத்தியது சந்திரசேகருக்கு வருத்தம் தந்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். எடிங்டன் மறுத்த அதே முடிவுக்கு உலகின் மிகப்பெரிய அங்கீகாரம் கிடைத்த நாள் அது. வஞ்சினம் தீர்த்த மனிதர் அன்று கொண்டாடியிருக்க வேண்டும்.

4. ஆள்மீதான ஐயம்

எடிங்டன் சந்தேகித்தது ஒரு கணக்கை. இளைஞன் திறமையற்றவன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பில் இனப்பாகுபாட்டின் சாயல் இருந்ததா என்பது விவாதத்துக்குரியது. மில்லர் அதைத் தொட்டுச் செல்கிறார், சந்திரசேகர் அப்படிக் கருதவில்லை. இதற்கு மாறாக, ஒருவர் எதையும் செய்துகாட்டுவதற்கு முன்பே, அவர் இன்னாராகப் பிறந்த காரணத்தால் முடியாது என்று சொல்லும் ஐயம் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் நம் விவாதம் குழம்புகிறது.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக ராமன் பொறுப்பேற்றார். அதே ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடத்தில் தேறிய கமலா பாகவத் அங்கே விண்ணப்பித்தார். அவருடைய தந்தையும் தந்தையின் சகோதரரும் அந்தக் கழகத்திலேயே வேதியியல் படித்தவர்கள். பெண் என்பதால் ராமன் இடம் மறுத்தார். கமலா பெங்களூருக்கே போய்க் காந்திய முறையில் அவர் அலுவலகத்தின் முன் அமர்ந்து வாதாடினார். முடிவில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது: முதல் ஓராண்டு முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார், வழிகாட்டி சொல்லும் நேரத்தில் இரவிலும் வேலை செய்ய வேண்டும், ஆண் மாணவர்களின் கவனம் சிதையக் கூடாது. கமலா அந்த ஆண்டைக் கடந்தார். ராமன் நிறைவடைந்து, அதன்பின் பெண்களை அனுமதித்தார். கமலா கேம்பிரிட்ஜ் சென்று தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி இருப்பதைக் காட்டி 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி என அறியப்பட்டவர் இவரே.

ரோஷக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. உளவியலாளர்கள் கண்ட இரண்டு நிபந்தனைகளும் இங்கே நிறைவேறுகின்றன. ராமன் ஒளியியலில் உலக அறிஞர். பெண்களால் ஆய்வு செய்ய முடியுமா என்பதில் அவருக்கு எந்தத் தனித் தகுதியும் இல்லை. ஆகவே அவருடைய மறுப்பை மதிக்காமல் இருக்கக் கமலாவால் முடிந்தது. திருப்பிச் செய்யவும் அவரிடம் பலம் இருந்தது: பல்கலைக்கழக முதலிடம், கழகத்தை உள்ளிருந்து அறிந்த குடும்பம், வெளியூர் போய்த் தங்கிப் போராடும் வசதி, அக்கறையோடு கற்பித்த எம். ஸ்ரீநிவாசய்யா என்ற வழிகாட்டி. இவற்றை நீக்கிவிட்டு ரோஷத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என்ன மிஞ்சும்?

மேலும், நிரூபணம் ஐயத்தை ஒழித்துவிடவில்லை. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்திலும் பிறகு பம்பாய் அறிவியல் நிறுவனத்திலும் பணியாற்றிய கமலாவுக்கு, அந்த நிறுவனத்தின் இயக்குநர் பதவி உரிய காலத்தில் வரவில்லை, தாமதமாகவே வந்தது. ஒரு கூற்று தவறென்று நிறுவப்பட்டால் அது முடிந்த கதை. பிறப்பு சார்ந்த ஐயம் அப்படி முடிவதில்லை. அடுத்த வாசலில் அதே ஆளிடம் அதே நிரூபணத்தை மறுபடியும் கேட்கிறது. ராமனின் ஓராண்டுச் சோதனையில் கமலா வென்றார் என்று மகிழும்போது, அந்தச் சோதனை எந்த ஆண் மாணவனுக்கும் வைக்கப்படவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கமலாவுக்குப் பின் ராமனின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்களையும் பார்க்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி 1940இல் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு குறித்துத் தனியாகவே ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. முதுகலைப் பட்டம் இல்லை என்பது காரணம். அன்னா மாணி லண்டன் சென்று வானிலைக் கருவிகளைக் கற்றுவந்து, இந்திய வானிலைத் துறையில் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யும் அமைப்பை வளர்த்து, துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்றார். அந்தப் பட்டம் கிடைக்காதது தம் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை என்பதே அவர் நிலைப்பாடு என்று, அவரை நேர்கண்ட வரலாற்றாசிரியர் அபா சூர் (2011) எழுதுகிறார். பெண் என்பதால் தாம் பட்ட இடர்களைப் பற்றிய கதையை மாணி சொல்ல மறுத்தார். நாம் அவருக்காகத் தைத்து வைத்திருக்கும் வஞ்சின உடையை அவர் அணிந்துகொள்ளவில்லை.

அதே ஆய்வுக்கூடத்தில் சுனந்தா பாய் என்றொருவர் இருந்தார். அவரும் ஆய்வேடு எழுதினார், அவருக்கும் பட்டம் கிடைக்கவில்லை, இளவயதிலேயே இறந்துபோனார். பட்ட மறுப்பையும் அந்த மரணத்தையும் காரண காரியமாக இணைக்கச் சான்று இல்லை, நான் இணைக்கவும் இல்லை. ஆனால் ஒரே கூடம், ஒரே மறுப்பு, இரண்டு பெண்கள். ஒருவரின் பெயரைத்தான் பாடநூல்கள் சொல்கின்றன. ‘தடைகள் அவரை உறுதியாக்கின’ என்ற வாக்கியத்தை அன்னா மாணிக்கு எழுதுபவர், சுனந்தா பாய்க்கு என்ன எழுதுவார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

5. சிரித்தவர்கள் சரியாக இருந்தபோது

பிறர் மறுத்தாலும் விடாமல் நின்றவர்கள் என்ற பட்டியலில் எடிங்டனும் ராமனும் முன்வரிசையில் இருக்க வேண்டியவர்கள். ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் இவர்களைச் சேர்ப்பதில்லை.

எடிங்டன் தம் இறுதி ஆண்டுகளை இயற்கையின் மாறிலிகளைத் தூய தர்க்கத்திலிருந்தே வருவிக்கும் முயற்சியில் செலவிட்டார். இயற்பியலாளர்கள் ஏற்கவில்லை. பெக், பெத்தே, ரீஸ்லர் என்ற மூன்று இளைஞர்கள் 1931இல் ஜெர்மன் அறிவியல் இதழ் ஒன்றில் அவருடைய எண்கணித முறையைக் கேலிசெய்து, மெய்யான கட்டுரைபோல ஒன்றை வெளியிட்டார்கள். பத்திரிகை ஆசிரியருக்கே அது கேலி என்று புரியவில்லை. எடிங்டன் அசரவில்லை. அவர் இறந்து ஈராண்டு கழித்து, 1946இல் அந்த முயற்சி நூலாக வெளியானது. இன்று அது அறிவியலாக யாராலும் பயன்படுத்தப்படுவதில்லை. சிரித்தவர்கள் சரி.

ராமன் 1940களில் படிகங்களின் அணு அதிர்வுகள் குறித்துத் தனிக் கொள்கை ஒன்றை முன்வைத்தார். அதிர்வெண்கள் தொடர்ச்சியாக அமையும் என்ற மேக்ஸ் பார்னின் கொள்கைக்கு எதிராக, அவை குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டுமே பெறும் என்றார். பார்ன் மறுத்தார். பல ஆண்டுகள் நீண்ட இந்தச் சர்ச்சையில் பெங்களூர் மாணவர்களின் உழைப்பு பெருமளவு கரைந்தது. 1950களில் நியூட்ரான் சிதறல் சோதனைகள் பார்ன் பக்கமே தீர்ப்பளித்தன. ராமனின் வாழ்க்கையை அன்போடு எழுதிய ஜி. வெங்கடராமனாலும் இந்தச் சர்ச்சையில் ராமனின் நிலைப்பாட்டைக் காக்க முடியவில்லை.

இவர்களுடைய மனவுறுதி சந்திரசேகரின் உறுதியைவிடக் குறைந்ததா? இல்லை. சந்தேகித்தவர்களைப் பொய்யாக்கும் வேட்கை ஒருவரிடம் எரியும்போது, அவர் சரியா தவறா என்பதை அந்த வேட்கையால் சொல்ல முடியாது. அது வாதத்தின் திசையைத் தீர்மானிக்காமல் வேகத்தை மட்டும் கூட்டுகிறது. சந்திரசேகரைக் காப்பாற்றியது, அவர் கணக்குக்கு அடிப்படையான ஃபெர்மி-டிராக் புள்ளியியல் சரி என்பதுதான்.

6. கதையைச் சொல்வது யார்

சந்திரசேகர் நோபல் பெற்ற அதே 1983இல் மருத்துவத்துக்கான பரிசைப் பெற்றவர் பார்பரா மெக்ளின்டாக். மக்காச்சோளத்தின் மரபுக்கூறுகள் இடம்பெயர்கின்றன என்று 1951இல் அவர் கூறியபோது யாரும் நம்பவில்லை, முப்பதாண்டு ஒதுக்கப்பட்டுப் பின் வென்றார் என்று எவலின் ஃபாக்ஸ் கெல்லரின் நூல் வழியாக உலகம் அறிந்தது. நதானியல் கம்ஃபர்ட் 2001இல் ஆவணங்களைத் திரும்பப் படித்தார். இடம்பெயர்வைச் சக ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்றுக்கொண்டார்கள், அது உயிரின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்ற அவருடைய பெரிய கொள்கையைத்தான் ஏற்கவில்லை, பரிசு கிடைத்தது முதலாவதற்கே என்று அவர் காட்டினார். கம்ஃபர்ட்டின் வாசிப்பு முழுவதையும் ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் சந்தேகித்தவர்கள் என்ற பாத்திரமே வெற்றிக்குப் பின் செதுக்கப்படுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று. வெற்றி வந்தபின் மறுப்புகள் பெருகுகின்றன, ஆதரித்தவர்கள் சுருங்கிப்போகிறார்கள். ரோசன்ஃபெல்டையும் ஸ்ரீநிவாசய்யாவையும் எத்தனை கட்டுரைகள் நினைவில் வைத்திருக்கின்றன?

தோற்றவர்கள் பேட்டி தருவதில்லை என்பது இதன் மறுபாதி. அவமானப்பட்டு வென்ற நூறு பேரைத் திரட்டி, அவமானம்தான் வெல்ல வைத்தது என்று முடிவுகட்டுவது அடிப்படைப் பிழை. அவமானப்பட்டுப் படிப்பை நிறுத்தியவர்களின் எண்ணிக்கை தெரியாமல் அந்தக் கணக்கே தொடங்காது.

7. தீர்ப்பு

இதுவரை பார்த்த சான்றுகளின்படி என் முடிவு இது. பிறப்பையோ வர்க்கத்தையோ பாலினத்தையோ வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று சொல்லும்போது, அதை எதிர்த்து நிற்கும் ரோஷம் உண்மையான ஆற்றல். கமலா அதைக் கொண்டு ஒரு கதவைத் திறந்தார். ஆனால் அது தனியாக வேலை செய்யாது, வசதியும் வழிகாட்டியும் வேண்டும், செலவு முழுவதும் அவமதிக்கப்பட்டவர் தலையில் விழும். ஒருவரின் கருத்தை விஷயம் அறிந்தவர் மறுக்கும்போது ரோஷம் பயனற்றது, சில நேரம் ஆபத்தானது. அங்கே தேவை சான்றும், மறுப்பைப் பதிவுசெய்ய இடமும். 1935இல் சந்திரசேகருக்குத் தரப்படாதது அந்த இடம். எடிங்டனின் எதிர்ப்பை அல்ல, பதில் பேச விடாத அந்தக் கூட்டத் தலைமையைத்தான் நான் முதலில் குற்றம் சொல்வேன்.

இந்தக் கேள்வியை ஆராய விரும்பும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வென்றவர்களின் தன்வரலாறுகளை இனியும் திரட்ட வேண்டாம். நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இடைநின்றவர்களின் பதிவேடுகள், முடிக்கப்படாத ஆய்வேடுகளின் கோப்புகள், மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ளவர்களைத் தேடிப் போய், அவர்களிடம் யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.